சொட்டாத விளிம்பு

சுகியே தொமோயோவுக்கு ஐம்பது வயதில்தான் பெயர் கிடைத்தது. அதுவரை டொக்கொனாமே ஊரில் அவளை 'அத்திப்பழத் தோட்டத்து யசுஹாருவின் வீட்டுக்காரி' என்றுதான் சொல்வார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த ஊரில் மண்ணைப் பிசைகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். யசுஹாருவின் தோட்டத்துப் பழம் மாதிரிப் பழம் மட்டும் வேறெங்கும் கிடையாது.

பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஷிரோயாமா. நகோயாவில் கலைக்கூடம் வைத்திருந்தார். உயரமாக, ஒல்லியாக, ஆகஸ்ட் வெயிலிலும் கறுப்பு உடையில் இருப்பார். பக்கத்து அறையில் நோயாளி தூங்குவதுபோல எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். யாருக்கோ கெண்டி வாங்க ஊருக்கு வந்தவர், வழி தவறி தொமோயோவின் பட்டறைக்குள் நுழைந்தார். ஓரத்துப் பலகையில் இருந்த ஒரு வெள்ளைத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

பால் நிறக் கிண்ணம் அது. பூவேலை கிடையாது, சூளைச் சாம்பல் உருகி வழிந்த தடம் கிடையாது. விளிம்பு மட்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் குனிந்து, எதையோ யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு கீழே இறங்கும். அவ்வளவுதான். ஆனால் அதைத் தொட்டவர்கள் விரலை எடுக்க மாட்டார்கள்.

"இந்த விளிம்பை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஷிரோயாமா கிசுகிசுத்தார்.

இந்தக் கேள்வியைத் தொமோயோ முன்பு ஒருமுறை சந்தித்திருந்தாள். கிண்ணம் செய்யத் தொடங்கிய புதிதில், நகோயாவில் ஒரு பெரிய கடையின் மாடியில் சின்னக் கண்காட்சி வைத்திருந்தாள். நல்ல பட்டுக் கிமோனோ உடுத்திய ஒரு அம்மாள் இதேபோல் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டாள். தொமோயோ சந்தோஷமாக உண்மையைச் சொன்னாள். அந்த அம்மாள் புன்னகை மாறாமல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக.

அந்தக் கைக்குட்டை ஞாபகத்துக்கு வந்ததும் தொமோயோவின் வாய் தானாகப் பேசியது.

"பழைய ஜாடிங்கள... பாத்துத்தான்."

"எந்தக் காலத்து ஜாடி?"

"ரொம்பப் பழசு."

ஷிரோயாமா கண்ணை மூடிக்கொண்டார். "நெனச்சேன்" என்றார்.

உண்மை என்னவென்றால், தொமோயோ இருபது வயதிலிருந்து நாற்பது வயதுவரை குன்றுக்குக் கீழே இருந்த கழிப்பறைப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். வடிவமைப்புப் பிரிவில் அவள் பங்குக்கு வந்தது விளிம்பு. சிலர் மூடியைப் பார்த்துக்கொண்டார்கள், சிலர் அடிப்பாகத்தை. அவள் விளிம்பு. சாந்தில் மாதிரி செய்து, சுரண்டி, தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்து, திரும்பவும் சுரண்டுவாள். சுற்றிவரும் தண்ணீர் வெளியே தெறிக்கக் கூடாது. துடைக்கிறவர் கைக்கு எட்டாத இடுக்கு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். அந்தச் சண்டையைத் தீர்ப்பதிலேயே அவளுடைய இளமை போயிற்று.

பிறகு கம்பெனி வடிவமைப்புப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியது. யசுஹாருவின் அத்தி மரங்களை மாற்ற முடியாது. தொமோயோ வேலையை விட்டுவிட்டுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுபோல் முரட்டு ஜாடிகள் செய்யத்தான் ஆசைப்பட்டாள். நெருப்பும் சாம்பலும் இஷ்டத்துக்கு விளையாடிய பழுப்பு ஜாடிகள். செய்தும் பார்த்தாள். சூளையிலிருந்து வெளியே வந்தவை சாக்கடைக் குழாய்போல் இருந்தன. மிஞ்சிய மண்குழாய்களை அடுக்கிக் கட்டிய ஊர்ச் சுவர்களில் ஏற்கெனவே போதுமான குழாய்கள் பதிந்து கிடந்ததால், அவளுடையதற்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஒருநாள் அலுத்துப்போய், எதையும் நினைக்காமல் வெள்ளை மண்ணில் ஒரு கிண்ணம் வனைந்தாள். கை தானாக விளிம்புக்குப் போனது. விளிம்பு தானாகக் குனிந்தது. நிமிர்ந்து பார்த்தால், தெரிந்த முகம் ஒன்று சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கம்பெனியில் அவள் கடைசியாக முடித்த மாதிரிக்கு 'செசெராகி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடைத் தண்ணீரின் சலசலப்பு என்று அர்த்தம். அதே விளிம்பு, சின்னதாக.

இதையெல்லாம் ஷிரோயாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் அவர் அவளை அறிமுகப்படுத்தும் கையேடு அச்சடித்துவிட்டார். 'ஒரு நிறுவனத்தில் சில காலம் பணியாற்றியபின், மண்ணின் மௌனத்தைத் தேடி, பாழடைந்த பழைய சூளைகளில் பல குளிர்காலங்கள் தனியே அலைந்தவர்' என்று அதில் போட்டிருந்தது.

யசுஹாரு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தார். அவர் அதிகம் பேசாதவர். வாசிக்கும்போது மட்டும் குரலில் ஒரு நடுக்கம் கொடுத்தார்.

"நீ எப்ப அலைஞ்ச?"

"நாம ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை போனோமே, மேல அந்தப் பழைய சூளைக்கு."

"அது கோடை. கொசு கடிச்சுதுன்னு கால் மணி நேரத்துல திரும்பி, கீழே நூடுல்ஸ் சாப்பிட்டோம்."

"தெரியும். வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

"தனியேன்னு போட்டிருக்கு. நான்தான காரை ஓட்டினேன்?"

கையேடு வேலை செய்தது. கிண்ணங்கள் விற்றன. பத்திரிகைக்காரர்கள் வந்து, அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பேட்டிகளில் 'மௌனம்' என்ற சொல்லை எங்கே போடுவது என்று அவளுக்கே பழகிவிட்டது. பேசத் தெரியாத இடம் வந்தால் ஜாடி என்பாள். ஜாடி தீர்ந்தால் மௌனம். இரண்டும் தீர்ந்தால் நிஜமாகவே பேசாமல் இருப்பாள். அதைத்தான் எல்லோரும் ரொம்ப ரசித்தார்கள்.

இந்த நிலையில்தான் தேநீர்ச் சடங்கு கற்றுத்தரும் ஆசான் ஒகுமுரா சென்செய் அவளுடைய கிண்ணம் ஒன்றை வாங்கினார்.

நகோயாவில் தேநீர் முறை படிக்கிறவர்களுக்கு ஒகுமுரா சென்செய் என்றால் முதுகு தானாக நிமிரும். எழுபதைத் தாண்டியவர். அவர் விரும்பி வாங்கும் பாத்திரத்துக்கு ஒரு பெயர் சூட்டுவார். பெயரை மரப்பெட்டியின் மூடியில் தன் கையால் எழுதுவார். அதன்பிறகு அந்தக் கலைஞர் வேறு கலைஞர். பெயர் சூட்டும் அன்று ஒரு தேநீர்க் கூடுகை வைக்கப்போவதாகவும், தொமோயோ கணவரோடு வரவேண்டும் என்றும் செய்தி வந்தது. ஷிரோயாமா அதைத் தொலைபேசியில் சொன்னபோது, முதல்முறையாக அவர் குரல் சாதாரண மனிதர்களின் குரல் அளவுக்கு உயர்ந்தது.

கூடுகை அக்டோபர் மாதத் தொடக்கத்தில். அத்தி அறுவடை முடிகிற நேரம். அந்த வாரம் முழுக்க மழை பெய்து, அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது.

"பழம் வெடிச்சிரும். என்னால வர முடியாது" என்றார் யசுஹாரு. "கவலைப்படாத, இடம் காலியா இருக்காது. அனுப்பறேன்."

"யாரை?"

அவர் அதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டார். தொமோயோவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஷிரோயாமாவின் கலைக்கூடத்துக்குப் பின்னால் பாய் விரித்த தேநீர் அறை ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொமோயோவுக்கு அந்தக் குரல் கேட்டது.

"இங்கயா கழட்டணும்? ஐயோ, காலுறையில ஓட்டை. பரவால்ல, அந்தப் பக்கம் திருப்பிக்கறேன்."

சியோயே. தொழிற்சாலையில் இருபது வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பீங்கானையும் மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். தண்ணீர்ப் பரிசோதனையும் அவள்தான். அதற்குச் சோயா விழுதான மிஸோவை உருட்டி உருட்டிப் பீங்கானுக்குள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் தொமோயோவும் சியோயேவும் வீட்டில் மிஸோ சூப்பைத் தொட மாட்டார்கள்.

"தொமோ-சான்! அத்திப்பழம் வாங்கலாம்னு போனேன். யசு-சான் இந்த அழைப்புச் சீட்டைக் கையில குடுத்துட்டாரு. இலவசமா டீ தருவாங்களாமே?"

"சியோயே-சான்" என்று தொமோயோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு உதவி. உள்ள வாயே திறக்காதீங்க."

"ஏன், நான் என்ன பேசப்போறேன்? எனக்கு டீயைப் பத்தி என்ன தெரியும்?"

"அதான். ஒண்ணுமே பேசாதீங்க."

"சரி சரி. பொணம் மாதிரி உக்காந்துக்கறேன்."

முதல் விருந்தாளியின் இடத்தில் மலையடிவார ஸென் பௌத்தக் கோயிலின் தலைமைத் துறவி தெய்ஷுன் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, மழித்த தலை. அவருக்கு அடுத்து ஷிரோயாமா, பிறகு தொமோயோ, அப்புறம் சென்செயின் மாணவிகள் இரண்டு பேர். அவர்களுக்கு நடுவில் சியோயே, காலை மடக்கிச் சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்செய் கெட்டியாகக் குழைத்த பச்சைத் தேநீர் அந்த வெள்ளைக் கிண்ணத்தில் வந்தது. ஒரே கிண்ணம், எல்லோரும் ஆளுக்கு இரண்டு மிடறு. துறவி குடித்தார். குடித்துவிட்டு விளிம்பைத் துடைத்தார். துடைத்தவர் கை கொஞ்சம் நின்றது. திரும்பவும் தடவினார். நெற்றியைச் சுருக்கினார். கிண்ணத்தை ஷிரோயாமாவிடம் நகர்த்தினார்.

கிண்ணம் சுற்றி முடிந்ததும் வழக்கப்படி துறவி கேட்டார்: "இந்தக் கிண்ணத்தப் பத்திச் சொல்லுங்களேன்."

சென்செய் தலையைச் சற்றே சாய்த்தார். "செஞ்சவங்களே இங்க இருக்காங்க, சுவாமி. அவங்க வாயால கேக்கலாம். சுகியே-சான், இந்தத் தேநீர் கெட்டியானது. எந்தக் கிண்ணத்துலயும் ஒரு துளியாவது வெளிப்பக்கம் வழியும். இதுல வழியல. விளிம்பு தானா உள்ள கூப்பிட்டுக்குது. எந்தச் சூளையோட பழக்கம் இது?"

தொமோயோ பாயைப் பார்த்தாள். "பழைய ஜாடிங்க" என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, "அதுங்களோட மௌனம்" என்றாள்.

மாணவிகள் பெருமூச்சு விட்டார்கள். ஷிரோயாமா கண்ணை மூடினார். சென்செய் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் நேரம். முழங்கையைத் தொடையில் ஊன்றி, பாயை ஒட்டித் தாழ்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவராகப் பார்த்துக் கிண்ணம் சியோயேவிடம் வந்தது. அவளும் ஒழுங்காகத்தான் குனிந்தாள். ஆனால் இருபது வருஷப் பழக்கம் சும்மா விடவில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். டங். காதைக் கிட்டே கொண்டுபோனாள். முகம் மலர்ந்தது. கட்டைவிரலை விளிம்புக்கு அடியில் விட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.

தொமோயோ மனதுக்குள் புத்தரைக் கூப்பிட்டாள். புத்தருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

"ஐயோ, தொமோ-சான்!" என்று சியோயே கூவினாள். "இது நம்ம செசெராகி!"

ஷிரோயாமா நம்பிக்கையோடு கேட்டார்: "செசெராகிங்கறது... பழைய ஜாடி வகையா?"

"ஜாடியா? கக்கூஸுங்க!"

யாரும் அசையவில்லை. சியோயே அதைத் தன் விளக்கம் போதவில்லை என்று புரிந்துகொண்டாள்.

"எங்க கம்பெனியில செஞ்சது. உக்காந்து போற மாடல். இந்த விளிம்பு தொமோ-சான் பண்ணதுதான். எத்தனை சாந்து மாதிரி ஒடச்சிருப்பாங்க! தண்ணி சுத்துமே, ஒரு சொட்டு வெளிய வராது. நான்தான் டெஸ்ட் பண்ணேன். மிஸோவை இப்படி உருட்டி..."

"சியோயே-சான்" என்றாள் தொமோயோ.

"ஓ. ஆமா. பேசமாட்டேன்னு சொன்னேன்ல." சியோயே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து, "பீங்கான்ல ஒரு விரிசல் இல்ல, அதையும் சொல்லிடறேன்" என்று வந்தது.

ஷிரோயாமாவின் முகம் கிண்ணத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. மாணவிகளில் ஒருத்தி கிமோனோவின் மார்பு மடிப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள். தொமோயோ அதைப் பார்த்தாள். கைக்குட்டை அம்மாளே திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஆனால் விசித்திரமாக, இந்தமுறை ஓடி ஒளியத் தோன்றவில்லை. இத்தனை நாள் சுமந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. இனி மௌனம் என்ற சொல்லைத் தேட வேண்டாம்.

"கக்கூஸ்" என்றார் ஒகுமுரா சென்செய். பழைய பாட்டில் வரும் அரிய சொல்லைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "சுகியே-சான், உண்மையா?"

"உண்மைதாங்க."

"அப்ப, எதுக்காக விளிம்ப இப்படி வளைச்சீங்க? இப்பவாவது சரியாச் சொல்லுங்க."

தொமோயோ சொன்னாள். முதலில் தடுமாறினாள், பிறகு தடுமாறவில்லை. பழைய மாதிரிகளில் விளிம்பு மடிந்து உள்ளே ஒரு இருட்டு இடுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, துணி போகாது, துடைக்கிற பெண்கள் அதற்காகவே தனியாக ஒரு குச்சி வைத்திருப்பார்கள் என்றாள். மடிப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் வெளியே எகிறும். எடுக்காவிட்டால் அழுக்கு தங்கும். அதனால் மடிக்காமல், தண்ணீருக்குத் திரும்பும் வழியை மட்டும் காட்டுகிற ஒரு குனிவு. கையைத் தூக்கிக் காற்றில் அதை வரைந்து காட்டினாள். பேட்டிகளில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை.

"யாருக்காக இவ்வளவு யோசிச்சீங்க? உக்காரறவங்களுக்கா?"

"இல்லீங்க. துடைக்கிறவங்க கைக்கு."

சென்செய் தன் மடியில் மடித்து வைத்திருந்த, பாத்திரம் துடைக்கும் பட்டுத்துணியைப் பார்த்தார். தேநீர் முறை என்பது பாதிக்குமேல் துடைப்பதுதான் என்று அவரே மாணவிகளிடம் சொல்வதுண்டு.

அப்போது துறவி தெய்ஷுன் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க கோயில்ல அது இருக்கு" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"செசெராகி. விருந்தினர் கட்டடத்துல ஒரு வரிசையே இருக்கு. கழிப்பறை துடைக்கிறது எங்க மரபுல பெரிய தவம். அதை வேற யாருக்கும் நான் விட்டுக்குடுக்கறதில்ல. தினமும் காலையில நானேதான் துடைக்கிறேன்." கிண்ணத்தை மரியாதையோடு பார்த்தார். "குடிச்சிட்டு விளிம்பத் துடைச்சேன் பாருங்க, கை என்னமோ சொல்லுச்சு. இந்த வளைவ எங்கயோ நல்லாத் தெரியுமே, எந்த மகானோட பாத்திரம்னு யோசிச்சிட்டே இருந்தேன். இப்பதான் புரியுது."

ஷிரோயாமா மெல்ல ஒரு கையைப் பாயில் ஊன்றிக்கொண்டார்.

சென்செய் தொமோயோ பக்கம் திரும்பினார். குரல் கடுமையாக இருந்தது. "என் தேநீர் அறையில பொய் சொன்னது தப்பு. ஜாடி ஜாடின்னு சொன்னீங்களே, அந்தப் பழைய சூளைக்காவது நிஜமாப் போயிருக்கீங்களா?"

"ஒரு ஞாயித்துக்கிழமை போனோங்க."

"ம்."

"கொசு ஜாஸ்தி. திரும்பிட்டோம்."

சென்செயின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று மாணவிகள் பதறினார்கள். இருமல் இல்லை. ஒகுமுரா சென்செய் தேநீர் அறையில் சிரித்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பட்டுத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். துறவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். வாயிலிருந்து கையை எடுக்கலாமா என்று சியோயே கண்ணாலேயே தொமோயோவைக் கேட்டாள். தொமோயோவால் தலையாட்டக்கூட முடியவில்லை, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்துக்கு அன்று பெயர் சூட்டப்படவில்லை. 'முதல் உறைபனி' என்று வைக்க நினைத்திருந்ததாகவும், இனி அந்தப் பெயரைச் சொன்னால் தனக்கே சிரிப்பு வரும் என்றும் சென்செய் சொன்னார். பெட்டியின் மூடி வெறுமையாகவே திரும்பிப்போனது.

விஷயம் பரவுவதற்கு நகோயாவில் அதிக நேரம் ஆகவில்லை. முன்பதிவு செய்திருந்த சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார்கள். ஒருவர் வாங்கிய கிண்ணத்தையே திருப்பி அனுப்பினார், கொதிநீரில் நன்றாகக் கழுவி. பழைய தொழிற்சாலை ஆட்கள் பஸ் பிடித்துக் கூட்டமாகக் கண்காட்சிக்கு வந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். கலைக்கூடம் முழுக்க டங் டங் என்று கேட்டது. அவர்களில் பலர் வாங்கவும் செய்தார்கள்.

சில நாட்கள் கழித்து ஷிரோயாமா பட்டறைக்கு வந்தார். கண்ணில் புது வெளிச்சம்.

"சுகியே-சான், அடுத்த கண்காட்சிக்கு நடு மண்டபத்துல ஒரே ஒரு பொருள். இருட்டு. மேலிருந்து ஒரு வெளிச்சம். அதுக்குக் கீழே..."

"கக்கூஸ வைக்கச் சொல்றீங்களா?"

"செசெராகி" என்றார் அவர் மெதுவாக. "ஓடையின் மௌனம்."

"ஷிரோயாமா-சான், நான் கிண்ணம் செய்யறவ. அதுவும் செஞ்சேன், இதுவும் செய்யறேன். ஒண்ண மறைக்கவும் வேணாம், ஒண்ணத் தூக்கி மண்டபத்துல வைக்கவும் வேணாம். கையேட்டுல ரெண்டையும் ரெண்டு வரியில போடுங்க, போதும்."

"ரெண்டு வரியா?" அவர் முகம் வாடியது. "மௌனம் ஒண்ணாவது..."

"வேணாம்."

உள்ளே பழப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த யசுஹாரு, "காரை ஓட்டினவர் கணவர்னு போடச் சொல்லு" என்றார்.

நவம்பரில் துறவி தெய்ஷுனிடமிருந்து அழைப்பு வந்தது. கோயிலுக்குக் கிண்ணங்கள் வேண்டும், அதைப்பற்றிப் பேச வரவேண்டும், அப்படியே இன்னொரு விஷயமும் இருக்கிறது என்றார். சியோயேதான் காரில் கூட்டிப்போனாள். தன்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அவள் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள்.

துறவி வேலை உடையில், தலையில் துண்டு கட்டி, நேராக விருந்தினர் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தார். வரிசையாக வெள்ளை வெளேரென்று நின்றன.

"விளிம்புல ஒரு குறையும் இல்ல" என்றார். "ஆனா பின்னாடி, கால் பக்கம், சுவரோட சேர்ற எடத்துல ஒரு மூலை இருக்கு பாருங்க. அங்க துணி போகவே மாட்டேங்குது. எத்தனை வருஷமா அந்த மூலையோட போராடறேன்! செஞ்சவங்களப் பாத்தா கேக்கணும்னு இருந்தேன்."

"அது நான் இல்லீங்க" என்றாள் தொமோயோ அவசரமாக. "அடிப்பாகம் வேற பிரிவு."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் சியோயே. "அந்த மூலை சரியில்லன்னு சொன்னேன். மேனேஜர் கேட்டாரா? மூலைய யாரு பாக்கப் போறாங்கன்னாரு."

"நான் பாக்கறேன்" என்றார் துறவி வருத்தமாக. "தினமும்."

தொமோயோ துணியை வாங்கிக்கொண்டு முழந்தாளிட்டாள். அந்த மூலையை எட்டிப் பார்த்தாள். உண்மைதான், போகவில்லை. எழுந்திருக்குமுன் சும்மா ஒருமுறை கையை விளிம்புக்குக் கொண்டுபோனாள். வேலையை விட்டபின் அவள் இதைத் தொட்டதே இல்லை. அவள் வீட்டுக் கழிப்பறையில் இருந்தது வேறு மாடல். கட்டைவிரல் உள்ளே போய், குனிவில் நின்று, இறங்கியது. பளபளப்பு மங்கவில்லை. அத்தனை வருஷம் தினமும் ஒரு கை வந்து தடவிப் போயிருந்த இடம், சூளையிலிருந்து நேற்று எடுத்தது மாதிரி வழுவழுவென்று இருந்தது. தன் கிண்ணங்களில் எதையும் யாரும் இப்படித் தினமும் தொட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டிக்குள் வைத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். கழிப்பறையில் முழந்தாளிட்டு அழுதால் சியோயே ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்பதால் எழுந்துவிட்டாள்.

"கோயில் கிண்ணத்துக்குக் கால் பக்கம் மூலையே இல்லாமப் பண்றேன்" என்றாள். "கழுவறவங்க விரல் முழுக்கச் சுத்திவரணும். பெட்டி கிடையாது. தினமும் எடுத்துப் புழங்கறதா இருந்தாத்தான் தருவேன்."

"தினமுமே" என்றார் துறவி. பிறகு கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு சின்ன ஆசை. கலைஞர்ங்க தங்களோட பாத்திரத்துல கையெழுத்துப் போடுவாங்களே..." அவர் கை வரிசையின் முதல் பீங்கானைக் காட்டியது.

"சுட்ட பீங்கான்ல எழுத முடியாதுங்க சுவாமி. எழுதினாலும் துடைச்சாப் போயிடும்."

"தினமும் துடைப்பேனே."

"அப்பத் தினமும்தான் வந்து போடணும்" என்றாள் சியோயே. "பெட்ரோல் காசு கோயில் தருமா?"

துறவி தலைத்துண்டை அவிழ்த்தபடி தீவிரமாக யோசித்தார். வெளியே மணி அடித்தது. மதியச் சாப்பாடு தயார் என்று ஒரு இளம் துறவி வந்து வணங்கினார். தொமோயோ காலையிலிருந்து சாப்பிடவில்லை. மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு, பலகை வராந்தா வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள். மூலையை எப்படிச் சரிசெய்திருக்கலாம் என்று சியோயே வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தாள். துறவி ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.